பனி திருப்பிக் குடுத்த ஆளு

இப்ப உள்ள விடமாட்டாங்க அம்மிணி. இன்னிக்கு ரெஜிமெண்ட் நாளு. மொதல்ல குடும்பத்துக்காரங்க பாத்து முடிக்கோணும், அப்பறந்தான் மத்தவங்களுக்கு மியூசியத்துக் கதவத் தொறப்பாங்க. சித்த இப்படி உக்காருங்க. பெஞ்சு ஈரமா இருக்குது, இந்தத் துண்டப் போட்டுக்குங்க. பரவால்லீங்க, எனக்கு மப்ளர் இருக்குது.

நானுங்களா? நானும் குடும்பத்துக்காரந்தானுங்க. உள்ள என்ற சம்சாரம் இருக்கறா, மக இருக்கறா. நான் வெளிய உக்காந்துக்கறது. உள்ள ஒரு மாதிரி புழுக்கமுங்க. இந்த மலைக் குளுருல என்ன புழுக்கம்னு பாக்கறீங்க. எனக்கு அப்படித்தான் இருக்குது.

நீங்க உள்ள போனா மொதல்ல பழைய துப்பாக்கி, வாளு, வெள்ளக்காரங் காலத்துத் தொப்பி, பதக்கம் எல்லாம் வெச்சிருப்பாங்க. அதெல்லாம் தாண்டிக் கடைசி ரூம்பு பனிமலை ரூம்பு. பஞ்ச ஒட்டிப் பனியாட்டப் பண்ணியிருக்கறாங்க. அங்க ஆளு ஒசரத்துக்கு ஒரு போட்டோ நிக்குது. மீச முறுக்கி உட்டிருப்பாரு, ஆனா மூஞ்சி பச்சப்புள்ள மூஞ்சி. லான்ஸ் நாயக் திருமூர்த்தி. அவரு என்ற சம்சாரத்தோட ஊட்டுக்காரருங்க.

முழிக்காதீங்க. சொல்றேன்.

என்ற சம்சாரம் பேரு நாகமணி. எனக்கு மாமன் மக. எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன் மக. எங்க பக்கத்துல மாமன் பொண்ணுன்னா கட்டிக்க உரிமை உள்ளவ. ஆனா அந்த உரிமையெல்லாம் நான் கேக்கலீங்க. அப்பத்தான் நான் சிறுமுகையில மோட்டார் காயில் கட்டற கடை வெச்ச நேரம். கையெல்லாம் வார்னிஷ் நாத்தம். மாமன் ஒரு நாளு கடைக்கு வந்து, "ஏப்பா சென்னியப்பா, நாகமணிக்கு மிலிட்டிரி மாப்பளை வந்திருக்குது. நீ என்ன சொல்ற?"ன்னாரு. நான் என்னத்தச் சொல்றது? ஒரு மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தேன். பாதியில கைய எடுத்தா எத்தன சுத்துன்னு உட்டுப்போகும். "நல்ல எடமுங்க மாமா, குடுங்க"ன்னு தல நிமிராமச் சொன்னேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அந்தக் கண்ணாலத்துக்குப் பந்தல் லைட்டு பூராவும் நாந்தான் போட்டேன். காசுகூட வாங்கலை.

திருமூர்த்தி நல்ல பையன். அத நான் சொல்லித்தான் ஆவோணும். லீவுல வந்தா பஸ்ஸு விட்டு எறங்கி நேரா என்ற கடைக்குத்தான் வருவாரு. "அண்ணா, நல்லா இருக்கீங்களா?"ம்பாரு. பொட்டிய அங்கயே வெச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு, அப்பறந்தான் ஊட்டுக்குப் போவாரு. எனக்குன்னு ஒரு ரம்மு பாட்டலு கொண்டாருவாரு. நான் குடிக்கறதில்லைன்னு அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. கொண்டாந்து குடுக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றது? அலமாரியில வரிசையா நின்னுட்டிருக்கும்.

ரெண்டாவது லீவு முடிஞ்சு போனப்ப நாகமணி மாசமா இருந்தா. போனவர சியாச்சின் பக்கம் அனுப்பீட்டாங்க. பனி சரிஞ்சு மூணு பேர மூடிப்போச்சுன்னு தந்தி வந்துது. ரெண்டு பேரத் தோண்டி எடுத்துட்டாங்க. இவர எடுக்க முடியலை.

அம்மிணி, ஒடம்பு வரலைன்னா சாவு ஆவாதுங்க. சர்க்காருக்கு ஆவும். ஊட்டுல ஆவாது. ஊருப் பொம்பளைங்க வந்து வாசல்ல உக்காந்து ஒப்பாரி எடுத்தாங்க. நாகமணி வயித்தப் புடிச்சுட்டு நெலப்படியில நின்னா. "யாருக்கு அழுவறீங்க? எல்லாரும் எந்திரிச்சுப் போங்க"ன்னுட்டா. பொட்டு அழிக்கலை, தாலி எறக்கலை. ஒரு சாங்கியமும் பண்ண விடலை. அப்படியே இருந்தா. புள்ள பொறந்துது. பூங்கோதைன்னு பேரு வெச்சது நானுங்க.

நானும் கண்ணாலம் பண்ணிக்காமத்தான் இருந்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. கடையில அத்தன சோலி. ஊரெல்லாம் போர்க்கெணறு போட்ட காலம், கரண்டு ஏறி எறங்கி மோட்டாரா எரியும். பொண்ணுப் பாக்கப் போறதுக்கு நேரமே இல்லை. எங்கம்மா திட்டிட்டே செத்துப் போனா.

ஏழெட்டு வருசங் கழிச்சு மாமனே வந்தாரு. தான் கண்ண மூடறதுக்குள்ள அவளுக்கு ஒரு தொணை வேணும்னாரு. அவகிட்டக் கேட்டிருக்கறாங்க. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டாளாம். "அவரு வந்துட்டா என்ன பண்றது?"ன்னு. மாமன் சொன்னாராம், "வந்தாருன்னா சென்னியப்பன் எந்திரிச்சுப் போயிருவான். அவன் அப்படிப்பட்டவன்"னு. அத மாமன் எங்கிட்டப் பெருமையாச் சொன்னாரு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. எத்தன பேரப் பத்தி ஒரு மனுசன் நம்பி அப்படிச் சொல்லுவான், நீங்களே சொல்லுங்க.

மலைக்கோயில்ல வெச்சுத் தாலி கட்டினேன். பழைய தாலிய அவ மஞ்சத் துணியில சுத்திப் பொட்டியில வெச்சுக்கிட்டா. நான் அதப் பத்திக் கேட்டதில்லை.

நல்லாத்தான் பொழைச்சோமுங்க. ஒரு சண்டை கெடையாது. பக்கத்தூடுகள்ல புருசன் பொஞ்சாதி கத்துவாங்க, தட்டு பறக்கும், அவ கோவிச்சுட்டு அப்பன் ஊட்டுக்குப் போவா, இவன் போய்க் கூட்டியாருவான். எங்கூட்டுல சத்தமே இருக்காது. நான் சொன்னா சரின்னுவா. அவ்வளவு மரியாதை எம்மேல. பூங்கோதைக்கு நாந்தான் எல்லாம். சைக்கிள் பழக்கினது, காய்ச்சல் வந்தா தூக்கிட்டு ஓடினது, காலேஜ் சேத்தது, மாப்பளை பாத்துக் குடுத்தது. என்னையப் பெரியப்பான்னு கூப்புடுவா. நடக்கப் பழகறப்ப இருந்து அப்படிக் கூப்புட்டது, பின்னாடியும் மாறலை. பழக்கம்னா பழக்கந்தான். பேருல என்னங்க இருக்குது.

இப்படிப் போயிட்டிருக்கறப்ப, மூணு வருசத்துக்கு மிந்தி ஒரு போனு. நாந்தான் எடுத்தேன். ரெஜிமெண்ட்டுல இருந்து பேசறோம், நாகமணி அம்மா இருக்கறாங்களான்னாங்க. "நான் அவங்க ஊட்டுக்காரர் பேசறேன், என்ன விசயம் சொல்லுங்க"ன்னேன். அந்தப் பக்கம் என்னமோ காயிதம் பொரட்டற சத்தம் கேட்டுது. அப்பறம் மெதுவா, "ஐயா, அவங்க ஊட்டுக்காரரு கெடச்சுட்டாருங்க"ன்னாரு.

பனி உருகி அவர வெளிய உட்டிருக்குது. ரோந்து போன பசங்க பாத்திருக்கறாங்க. கழுத்துத் தகட்டுல நம்பரு அப்படியே இருந்துதாம். போனும் கையுமா அடுப்படிக்குப் போனேன். அடுப்படியில நாகமணி தேங்கா துருவிட்டிருந்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. "புள்ள, திருமூர்த்தி வர்றாரு"ன்னேன். அப்படித்தான் வாயில வந்துது. அவ துருவறத நிறுத்தலை. அந்த மூடிய முழுசாத் துருவி முடிச்சு, கையக் கழுவி, முந்தானையில தொடச்சுட்டு, "எந்த வண்டிக்கு?"ன்னு கேட்டா.

கோயமுத்தூர் வரைக்கும் ஏரோப்ளேன்ல, அங்கிருந்து மிலிட்டிரி வண்டியில கொண்டாந்தாங்க. ஊரே தெரண்டு நிக்குது. கொடி, மாலை, பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க, போலீஸு, பேப்பர்க்காரங்க. குடும்பத்துக்காரங்க மட்டும் முன்னால வாங்கன்னு ஆபீசர் சொன்னாரு. ஒரு போலீஸ்காரரு என்னையப் பாத்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னாரு. நான் தள்ளி நின்னுட்டேன். அதொண்ணும் இல்லீங்க. ஜெனரேட்டர் பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? மைக் செட்டு ஓடோணுமே. நாந்தான் பாத்துட்டேன்.

சவப்பொட்டியத் தொறக்க வேண்டாம்னு ஆபீசர் சொன்னாரு. தொறங்கன்னா இவ. அவரு எவ்வளவோ எடுத்துச் சொன்னாரு. "நான் அவரு சம்சாரம். தொறங்க"ன்னா. தொறந்தாங்க.

நானும் ஜெனரேட்டர்கிட்ட இருந்து எட்டிப் பாத்தேன். அம்மிணி, எனக்குத் தல நரச்சுப் போச்சு, பல்லு போச்சு. நாகமணிக்கு மூட்டு வலி, தடிக் கண்ணாடி. அவரு அப்படியே இருக்கறாரு. தோலு மட்டும் கறுத்துப்போச்சு, வெய்யில்ல படுத்துத் தூங்கினவனாட்ட. மீச கலையலை. பூங்கோதை பக்கத்துல நிக்கறா, அவளுக்குத் தம்பியாட்ட இருக்கறாரு. அவ "அப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க. அப்படியொரு கொரலு அவகிட்ட இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க.

நாகமணி அழுவலை. குனிஞ்சு, முந்தானையில அவரு நெத்தியத் தொடச்சா. தொடச்சுட்டு, "ஏனுங்க, இத்தன நேரமா?"ன்னா. எனக்கு நல்லாக் கேட்டுது. முப்பது வருசத்துக்கு மேல ஆயிப்போச்சு, இவ என்னமோ சந்தைக்குப் போன ஆளு பொழுதுசாஞ்சு வந்தாப்பல கேக்கறா. அதிர்ச்சியில ஒளறறான்னு நெனச்சேன்.

அப்பறந்தான் ஒரு சிக்கல் வந்துது. அவரு பக்கத்துச் சொந்தத்துல ஒரு பெரியாத்தா, "ஒடம்பு இன்னிக்குத்தான் வந்திருக்குது. அப்ப இன்னிக்குத்தான் சாவு. சாங்கியம் செய்யோணுமா வேண்டாமா?"ன்னு ஆரம்பிச்சா. இன்னொருத்தி, "அதெப்படி ஆத்தா? புருசன் அங்க ஜெனரேட்டர்கிட்ட நிக்கறான், இவ தாலிய எப்படி எறக்கறது?"ன்னா. எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. நான் டீசல் இருக்குதான்னு குனிஞ்சு பாத்தேன். நாகமணி உள்ள போனா. அந்த மஞ்சத்துணிய எடுத்தாந்தா. பிரிச்சு, பழைய தாலிய அவரு கைக்கு அடியில வெச்சு, "இது உங்களுது"ன்னா. சாங்கியம் கேட்ட பெரியாத்தா முந்தானைய இழுத்துட்டு ஒதுங்கி நின்னா.

கொள்ளி பூங்கோதை வெச்சா. தீப்பொட்டி நான் எடுத்துக் குடுத்தேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சனுங்க.

அதுக்கப்பறந்தான் அவரு வர ஆரம்பிச்சாரு.

சிரிக்காதீங்க. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. மத்தியானம் கரண்டு போயிருச்சுன்னா கடையில ஒரு அமைதி வருமுங்க. ரோட்டுல ஒரு ஆளு இருக்காது. காயில் பாதி சுத்தி மடியில இருக்கும். நிமிந்தா படிக்கு வெளிய நிக்கறாரு. பூட்ஸு சொட்டச் சொட்ட ஈரம். பல்லு தந்தியடிக்கற சத்தம் கேக்குது, சித்திரை வெய்யில்லங்க. "அண்ணா, ஊட்டுல இருக்கறாங்களா?"ம்பாரு. "இருக்கறாங்க"ம்பேன். போகமாட்டாரு. அங்கயே நிப்பாரு. நான் எந்திரிக்கோணும்னு நிக்கறாப்பல இருக்கும். மரியாதை தெரிஞ்ச பையன், வாயத் தொறந்து கேக்கமாட்டாரு. நானும் எந்திரிக்கறதில்லை. மடியில காயில் இருக்குதுங்களே, எப்படி எந்திரிக்கறது? கரண்டு வந்து பேன் சுத்தும், பாத்தா யாரும் இருக்கமாட்டாங்க. தர காஞ்சு கெடக்கும். தூக்கக் கலக்கம்னு வெச்சுக்குங்க.

போன வருசம் இந்தப் பனிமலை ரூம்பத் தொறந்தாங்க. அதுக்கு மிந்தியே சுபேதார் ஜெபமணின்னு ஒருத்தரு எங்கூட்டுக்கு வந்திருந்தாரு. நாகர்கோயில்காரரு, தங்கமான மனுசன். திருமூர்த்தி பாக்கெட்டுல இருந்த சீப்பு, தொப்பி எல்லாம் இங்க வெக்கறதுக்கு இவகிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. குடும்பத்துக்காரங்க பேசறத டேப்புல புடிக்கோணும்னாரு. நான் அவருக்கு டீ வாங்கியாரப் போனேன். வர்றதுக்குள்ள பேசி முடிச்சுட்டாங்க.

தொறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்தோம். போட்டோவுக்குக் கீழ ஒரு போர்டு. 'பனியில் உறங்கிய வீரர். அவருக்காக மனைவி நாகமணி முப்பத்தோரு ஆண்டுகள் காத்திருந்தார்.' தமிழ்ல படிச்சேன். பூங்கோதைய உட்டு இங்கிலீசுலயும் படிக்கச் சொன்னேன். அதேதான்.

பக்கத்துல போனாட்ட ஒரு ரிசீவர் தொங்குது. எடுத்துக் காதுல வெச்சா நாகமணி பேசறா. எங்கிட்ட அத்தன வார்த்த சேந்தாப்பல அவ பேசி நான் கேட்டதில்லீங்க. அவரு சோத்துக்கு உப்புக் கொறச்சலாப் போட்டுக்குவாருன்னா. தூங்கறப்ப அவரு ஒரு கால மடக்கித்தான் படுப்பாருன்னா. அப்பறம் சொல்றா, "எங்கூட்டுக் கதவுக்கு நான் உள்தாழ் போடறதில்லை. அவரு வந்து தட்டி எனக்குக் கேக்காமப் போயிருச்சுன்னா?"

அம்மிணி, எங்கூட்டுல செப்புக் கம்பி கட்டுக்கட்டாக் கெடக்குமுங்க. தாழ் போடாமப் படுக்க முடியுமா? தெனமும் நான் போட்டுட்டுத்தான் படுப்பேன். வெடியால பாத்தாத் தொறந்து கெடக்கும். மரம் ஊறித் தாழ் நழுவுதுன்னு ஆசாரியக் கூப்புட்டு ரெண்டு தடவ கதவையே மாத்தினேன். ரெண்டு தடவ! அவளும் பக்கத்துல நின்னு ஆசாரிக்கு மோர் குடுத்தா.

நேரா சுபேதார்கிட்டப் போனேன். "சார், போர்டு தப்பா இருக்குது"ன்னேன்.

"எதுங்க ஐயா தப்பு?"

"காத்திருந்தார்னு போட்டிருக்குது. அவ மறுகண்ணாலம் பண்ணிட்டா. என்னையத்தான். அவ ஆதார் கார்டுல பாருங்க, கணவர் பேரு சென்னியப்பன்."

அவரு கார்ட வாங்கலை. "அவங்க சொன்னதத்தானேங்க ஐயா எழுதியிருக்கோம்"னாரு.

"சொல்ல மறந்திருப்பா. வயசாச்சு அவளுக்கு."

"அடுத்த வருசம் வர்றப்ப நீங்களும் பேசுங்க ஐயா. உங்க கொரலையும் சேத்து வெச்சுர்றேன்"னாரு. பாருங்க, தப்புன்னு அவருக்கே பட்டிருக்குது.

மலை எறங்கறப்ப பஸ்ஸுல இவகிட்டயும் கேட்டேன். "ஏம்புள்ள, நீ பேசினதுல நான் எங்கயும் வரவே இல்லையே?"

காத்துக்கு ஜன்னல இழுத்துச் சாத்தினா. சாத்திட்டு, "நீங்க ஊட்டுல இருக்கீங்களே. அவருக்கு எங்கயாச்சும் ஒரு எடம் வேணுமில்லீங்க"ன்னா.

சரின்னு உட்டுட்டேன். ஆனா ஒரு வருசமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டே இருந்தனுங்க, என்ன பேசறதுன்னு. எந்தக் கோயில்ல தாலி கட்டினேன், பூங்கோதைய எந்தக் காலேஜுல சேத்தேன், நாகமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேசன்ல நான் ரத்தம் குடுத்தது, எல்லாத்தையும் வரிசையா. காயில் சுத்திட்டே சொல்லிச் சொல்லிப் பாப்பேன்.

இன்னிக்கு வெடியால, இவ அணிவகுப்புப் பாக்க மத்த மிலிட்டிரிக்காரங்க சம்சாரங்களோட உக்காந்திருக்கறப்ப, சுபேதார் என்னைய உள்ள கூட்டிட்டுப் போனாரு. அந்தக் கடைசி ரூம்புலயே ஒரு நாற்காலி போட்டு, மைக்க முன்னால வெச்சு, பேசுங்க ஐயான்னாரு. எதுத்தாப்பல அந்தப் போட்டோ. ஆளு ஒசரத்துக்கு. பஞ்சுப் பனிக்குள்ள நின்னுட்டு என்னையவே பாக்கறாரு. எனக்கு ஒத்திகை பாத்தது பூராவும் போச்சுங்க.

"என்ற பேரு சென்னியப்பன். திருமூர்த்தி இல்லாதப்ப, அவரு ஊட்ட நாந்தான் பாத்துக்கிட்டேன். ஒரு கொறையும் வெக்கலை."

அவ்வளவுதான் வந்துது. "போதுங்களா ஐயா?"ன்னாரு. போதும்னேன். சுருக்கமா இருந்தாலும் விசயம் வந்துருச்சில்லீங்க? இனி யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க. இப்ப இவளுக்கு அதப் போட்டுக் காட்டிட்டிருக்கறாங்க. கேட்டுட்டு வரட்டும்னுதான் உக்காந்திருக்கறேன்.

அதா, வர்றா பாருங்க. பச்சைச் சீலை.

என்ன புள்ள, கேட்டியா? ரெண்டு தடவையா? சரியாத்தான பேசியிருக்கறேன்? என்னது? எது தப்பு? சத்தமாச் சொல்லு, இவங்க ஒண்ணும் நெனச்சுக்கமாட்டாங்க. சரி, சரி. நீ உள்ள போ, காத்துல நிக்காத. வர்றேன். வர்றேன்னு சொல்றனில்ல.

பாத்தீங்களா அம்மிணி. மலக்காத்து அவளுக்கு ஒத்துக்கறதில்லை, கண்ணெல்லாம் செவந்துபோச்சு. என்ன சொல்றான்னா, "அவரு ஊடுன்னு எதுக்குச் சொன்னீங்க? அது உங்க ஊடுங்க. போயி அழிச்சுட்டுத் திருத்திச் சொல்லுங்க"ங்கறா. இத்தன வருசத்துல எதுத்து ஒரு வார்த்த பேசினதில்லை, இன்னிக்கு என்ற சட்டையப் புடிச்சு இழுக்கறா. அவ சொல்றது நெசந்தானுங்க. பத்திரம் எம்பேர்லதான் இருக்குது. எடம் வாங்கிக் கட்டினதே நாந்தான். திருத்தறதுதான் மொறை.

போறனுங்க. துண்டு இருக்கட்டும், நீங்க உக்காருங்க. போயிச் சொல்லிட்டு வந்தர்றேன்.

ஆனா அவரு அங்கயே நிக்கறாரே அம்மிணி. எங்கூடுன்னு, அவரு மூஞ்சியப் பாத்துட்டு எப்படீங்க சொல்றது?